ஹில்க்கா என்றால்

நாற்பத்து நான்கு, மார்ச்.
ஸ்மோலாந்தில் பனி இன்னும் வேலிக் கம்பிவரை கிடந்தது.
அப்பா ரயிலடிக்குப் போனார்,
சறுக்குவண்டியில் இரண்டு கம்பளிகளோடு.
திரும்பும்போது ஒரு கம்பளிக்குள் ஒருவன் இருந்தான்.

நான்கு வயது. மொட்டைத் தலை.
கழுத்தில் நூலில் தொங்கிய அட்டை:
தாய்ஸ்தோ, துர்க்கு நகரம், எண் 1127.
மாவு மூட்டைக்குப் போடுவார்களே, அதே முடிச்சு.
அம்மா அவிழ்க்கப் போனாள்.
கடித்துவிட்டான்.

என் கட்டில் அவனுக்கு. அடுப்படி பெஞ்சு எனக்கு.
கோபமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.
ஒன்பது வயதில் எனக்குப் போர் என்பது
காப்பித்தூள் கூப்பன், அவ்வளவுதான்.

சாயங்காலமானால் ஜன்னல் ஜன்னலாகப் போய்த்
திரையை இழுத்துவிடுவான்,
ஒரு கோடு வெளிச்சம் வெளியே போகாதபடி.
வண்டியில் பால் கேன்கள் உருண்டால்
மேசைக்கடியில் இருப்பான்
வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு.
(வாய் திறந்திருந்தால் காது கிழியாதாம்.
அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.)

எங்கள் ஸ்வீடிஷ் அவனுக்குத் தெரியாது.
அவன் ஃபின்னிஷ் எங்களில் யாருக்கும்.
முதல் இரவு ஒரே ஒரு சொல் சொன்னான்:
ஹில்க்கா.
கதவைப் பார்த்துச் சொன்னான்.
கூரையைப் பார்த்துச் சொன்னான்.
அம்மா ரொட்டி கொடுத்தாள். தள்ளினான்.
இன்னொரு கம்பளி கொடுத்தாள். தள்ளினான்.
பால் கொடுத்தாள்.
அழுதுகொண்டே குடித்தான்.
"தாகம்!" என்றாள் அம்மா, ஜெயித்த குரலில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
ஹில்க்கா என்றால் பால்.
நடுராத்திரி ஹில்க்கா என்பான்;
வெறுங்காலோடு போய் ஒரு குவளை கொண்டுவருவேன்.
அது இல்லை என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை.
குடிப்பான்.
கன்னத்தில் சதை பிடித்தது.
பிர்ச் மரம் துளிர்த்த ஒரு காலையில்
அவனே குவளையை நீட்டி, சிரித்து,
ஹில்க்கா என்றான்.
அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னாள்.

கடிதம் வந்தது அடுத்த வருஷம் மே மாதம்,
முகவரி தப்பி, முத்திரை மேல் முத்திரை வாங்கி.
வாசிக்கக் கிடைத்தவள்
மர ஆலையில் கணக்கு எழுதும் ஐரா.
தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றபடி வாசித்தாள்:

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி.
இரண்டு பேரும் ஒரே கட்டிலில்தான் படுப்பார்கள்,
பிரித்தால் தம்பி தூங்கமாட்டான்.
ஹில்க்காவுக்கு ஏழு வயதுதான்,
ஆனால் அவன் கையை விடமாட்டேன் என்று
சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள்.

ஐரா காகிதத்தை மடித்தாள்.
"பெண் எங்கே?"
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
யாரும் இறக்கவில்லை.

மூன்று ஸ்டேஷன் தள்ளி, ஒரு பாதிரியார் வீட்டில் இருந்தாள்.
ரயிலில் காய்ச்சல்; பாதி வழியில் யாரோ இறக்கிவிட்டார்கள்.
எண் 1126.
தம்பி, தம்பி என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.
ஊரில் விட்டுவந்த தம்பி என்று நினைத்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்தார்கள்.
நீலக் கவுன். காதுவரை வளர்ந்த முடி.
முற்றத்தில் நின்று என்னவோ சொன்னாள், நீளமாக,
பதினான்கு மாதம் சேர்த்துவைத்ததுபோல.
அவன் என் பாவாடைக்குப் பின்னால் ஒதுங்கினான்.
நான்தான், உதவுகிறேன் என்று நினைத்து,
"தாய்ஸ்தோ, பார். ஹில்க்கா" என்றேன்.

உள்ளே ஓடினான்.
இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல்,
ஒரு குவளை பால் கொண்டுவந்து
அவளிடம் நீட்டினான்.

அவள் குவளையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.
வாங்கிக் குடித்தாள், கடைசிச் சொட்டுவரை.
மேலுதட்டை முழங்கையில் துடைத்துக்கொண்டு
எங்கள் மொழியில் "நன்றி" என்றாள்.

நாற்பத்தாறில் திருப்பி அனுப்பினார்கள்.
ரயிலடியில் இருவர் மணிக்கட்டையும்
ஒரே நூலில் சேர்த்துக் கட்டினேன்,
மாவு மூட்டை முடிச்சு.
ஆளுக்கொரு அட்டை, தனித்தனியாகத்தான், என்று
பட்டியல் வைத்திருந்த அம்மாள்
கத்தரிக்கோலைத் தேடினாள்.
மேசைமேல் தேடினாள், மேசைக்கடியில் தேடினாள்,
ரயில் கூவும்வரை தேடினாள்.

அது என் கோட்டுப் பையில் இருந்தது.